ஒரே காருக்கு நாலு ஆடு

தொழில் தொடங்கினால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். ஸ்ரேத்தென் தொடங்கிய தொழில் நாலு பேருக்குத் தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடும். வியன்னாவில் அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்த புண்ணியவான்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித் தரவில்லை.

வியன்னாவின் புறநகரில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் கார்களுக்கு வினைல் ஒட்டியவன் அவன். பெயிண்டைத் தொடாமல், அதன் மேல் வண்ண ஃபிலிமை இழுத்துப் போர்த்தி, சூட்டுக் காற்று அடித்து, ஒரு சுருக்கமோ கொப்புளமோ இல்லாமல் படிய வைக்கிற வேலை. சைடு கண்ணாடியின் வளைவில் ஃபிலிம் கிழியாமல் ஒட்டத் தெரிந்தவனைத்தான் அங்கே ஆள் என்று மதிப்பார்கள். ஸ்ரேத்தெனை மதித்தார்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பட்டறைக்கு அவனுடைய செர்பிய ஜனங்கள் படையெடுப்பதை அவன் கவனித்து வந்தான். ஆகஸ்ட்டில் எல்லோரும் ஊருக்குப் போக வேண்டும். போன வருடக் காரிலேயே போய் இறங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. புதுக் கார் வாங்க வழியும் கிடையாது. அதனால் சிவப்புக் காரை வெள்ளையாக்கு, வெள்ளையை நீலமாக்கு என்று வந்து நிற்பார்கள். நம்பர் பிளேட்டைப் பற்றிக் கவலையே இல்லை. ஆஸ்திரியாவில் நம்பர் ஆளுக்குச் சொந்தம், பழைய நம்பரைப் புதுக் காரில் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் அதே மாடல் என்று எவனாவது குடைந்தால், "பழகிப் போச்சுப்பா, அதே கம்பெனியில புதுசு எடுத்தேன்" என்று சொன்னால் முடிந்தது.

இதையே ஊரில் பாதி விலைக்குச் செய்தால் என்ன என்று ஸ்ரேத்தெனுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் சொந்தக் காரை விற்றான், ஃபிலிம் சுருள்களும் சூட்டுக் காற்று அடிக்கும் ஹீட் கன்னும் வாங்கினான், மனைவி தேசாங்காவைக் கூட்டிக்கொண்டு மார்ச் மாதம் கலினோவாட்ஸில் பஸ்ஸில் வந்து இறங்கினான். கலினோவாட்ஸ் என்றால் செர்பியாவில் ம்லாவா ஆற்றங்கரையில், வாசலுக்கு இரண்டு கல் சிங்கம் வைத்த மூன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர். வருடத்தில் பதினோரு மாதம் அந்த வீடுகளில் சிங்கங்கள் மட்டும்தான் குடியிருக்கும்.

இடம் கொடுத்தவர் மாமனார் ஷிவாதின். பழைய கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கொட்டகை அவருடையது. கொடுத்தார் என்பதைவிட மகள் நச்சரித்ததால் விட்டுவைத்தார் என்பதுதான் சரி.

"ஆகஸ்ட் கடைசியில வர்ற மாதா திருநாள் வரைக்கும் வச்சுக்கோ மாப்ள," என்றார். "அதுக்குள்ள நீ உருப்படியா ஏதாவது செஞ்சு காட்டினா பாக்கலாம். இல்லைன்னா செப்டம்பர்ல டவுன்காரன் பந்தயக் கடை வைக்கக் கேட்டிருக்கான், அவனுக்குக் கொடுத்துடுவேன்."

கொட்டகை போனால் எல்லாம் போனது. தேசாங்காவின் சித்தி வியன்னாவில் இரண்டு பேருக்கும் படிக்கட்டு துடைக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஆகஸ்ட் முப்பது பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஸ்ரேத்தெனுக்கு அந்தப் பஸ்ஸில் ஏற மனமில்லை. ஊரில் இருந்து பிழைக்க வேண்டும், சொந்தப் படுக்கையில் தூங்கி எழுந்து சொந்தப் பட்டறைக்கு நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. கலினோவாட்ஸில் இதைவிடப் பெரிய பேராசை கிடையாது.

முதல் வேலையாக ஒரு பெயர்ப் பலகை எழுதி மாட்டினான். மஞ்சளில் கறுப்பு எழுத்து, அரை கிலோமீட்டருக்குத் தெரியும். முதல் வாடிக்கையாளர் மோமிர் ஜூலைக் கடைசியில் மக்காச்சோளக் கொல்லைக்குள்ளேயே காரை நிறுத்திவிட்டுப் போன் பண்ணினான்.

"ஏம்ப்பா, உனக்கு மூளை இருக்கா? அந்தப் போர்டுக்குக் கீழ நான் காரை விட்டேன்னா, என் பொண்டாட்டி ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான்னு போர்டு மாட்டுற மாதிரி. அதைக் கழட்டு, அப்பதான் வருவேன்."

ஸ்ரேத்தென் பலகையைத் திருப்பி மாட்டினான். அதன் பின்பக்கம் சங்கம் நடந்த காலத்து எழுத்து இருந்தது: உரம், தவிடு. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று பேர் தவிடு கேட்டு வந்தார்கள். கார் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நடு மத்தியானத்தில், ஊரே சாப்பிட்டுப் படுத்துக் கிடக்கிற நேரத்தில், சோளக் கொல்லை வழியாகத் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்தார்கள். போகும்போது எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

"நமக்குள்ளேயே இருக்கட்டும் ஸ்ரேத்தென். நீ என்னைப் பாக்கவே இல்லை."

"நான் யாரையுமே பாக்கலை அண்ணே," என்பான் ஸ்ரேத்தென். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் பதினோரு பேரைப் பார்த்திருந்தான். மோமிரைப் பார்த்தான். மோமிரின் பக்கத்து வீட்டுக்காரன், அவனோடு பத்து வருடமாக வேலித் தகராறில் இருக்கும் ரதோவானை மறுநாள் பார்த்தான். மோமிர் கார் கடல் நீலம் ஆனது. ரதோவான் கார் செம்பு நிறம் ஆனது. ரதோவான் தன் மாடியில் நின்று மோமிரின் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகவும், மோமிர் அதே நேரம் ரதோவானின் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகவும் ஊரில் பேச்சு.

எல்லோரும் கேட்ட இன்னொரு விஷயம் உண்டு. கதவைத் திறந்தால் உள்விளிம்பில் பழைய நிறம் பல்லிளிக்குமே, அதையும் மூடக் கூடாதா? ஸ்ரேத்தென் பதினோரு பேருக்கும் ஒரே பொய்யைச் சொன்னான். "அந்த இடத்துல பசை நிக்காது அண்ணே. கதவை ரொம்பத் திறக்காம பாத்துக்கோங்க." பசை நன்றாகவே நிற்கும். ஆனால் கதவைக் கழற்ற வேண்டும், ரப்பரைப் பிரிக்க வேண்டும், ஒரு காருக்கு மூன்று நாள் கூடுதலாகப் பிடிக்கும். சீசனில் அதற்கு நேரம் ஏது? அந்த ஆகஸ்ட்டில் கலினோவாட்ஸ்காரர்கள் கார் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததற்குக் காரணம் இதுதான். பார்த்தவர்கள் வியன்னாவில் இதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆக, வேலைக்குக் குறைவில்லை. வேலை செய்தான் என்று சொல்லத்தான் ஒரு நாதி இல்லை. மத்தியானம் முழுக்கக் கொட்டகைக்குள் ஹீட் கன்னோடு வெந்துவிட்டுச் சாயந்திரம் அவன் காப்பிக் கடைக்குப் போனால், ஷிவாதின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"என்ன மாப்ள, இன்னிக்கு எத்தனை காருக்குச் சட்டை போட்டுவிட்ட?"

ஸ்ரேத்தென் கிளாஸைப் பார்ப்பான். அடுத்த மேஜையில் இருக்கும் மோமிரும் கிளாஸைப் பார்ப்பான்.

"தவிடாவது வாங்கி வைடா. வர்றவன் வெறுங்கையோட போறான்," என்பார் கிழவர். கடை சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாக ரதோவான் சிரிப்பான்.

இவர்கள் சிரித்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். மைத்துனன் வெலிபோரின் காரைத்தான் பொறுக்க முடியவில்லை. தேசாங்காவின் தம்பி வெலிபோர். வியன்னாவில் ஜிப்சம் பலகை அடிக்கிறவன், ஊரில் மேனேஜர். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளி நிறக் கார் வாங்கினான். அடுத்த ஆகஸ்ட்டில் அது சிவப்பானது, அதற்கு அடுத்த ஆகஸ்ட்டில் வெள்ளையானது. ஒட்டியது யார்? வியன்னாப் பட்டறையில், வேலை நேரம் முடிந்த பிறகு, இதே ஸ்ரேத்தென்தான். ஒவ்வொரு வருடமும் ஷிவாதின் அதைப் புதுக் கார் என்று நம்பி, வழக்கப்படி ஆடு வெட்டி, பாதிரியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்து, ஊருக்கே விருந்து வைத்தார்.

கதவுக்குள் வெள்ளி நிறம் தெரிந்ததை அவரும் பார்த்திருந்தார். "இப்ப ஃபேஷனே அதான்ப்பா. வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு," என்று வெலிபோர் சொல்லி வைத்தான். கிழவர் அந்த ஃபேஷனைப் பற்றிக் காப்பிக் கடையில் ஒரு மாதம் பேசினார். இந்த ஜூன் மாதம்தான் மோமிர் வினை வைத்தான். இரண்டு நிறம் தெரிகிற கார் என்றால் அது எங்கேயோ முட்டிப் பெயிண்ட் அடித்த கார் என்று போனில் அவருக்குச் சொல்லிவிட்டான். அந்த மோமிரே அடுத்த மாதம் சோளக் கொல்லையில் வந்து நின்றான் என்பது வேறு விஷயம்.

வெலிபோர் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊர் எல்லையிலிருந்து போன் பண்ணினான்.

"மச்சான், மேட் கறுப்பு வேணும். உள்விளிம்பும் சேர்த்து. அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருச்சு. நீங்கதான் காப்பாத்தணும்."

"கதவைக் கழட்டணும் வெலிபோர். மூணு நாள் ஆகும்."

"நான் மூணு நாள் பெல்கிரேடுல வேலை இருக்குன்னு சொல்லிடறேன். அக்காகிட்டகூடச் சொல்லாதீங்க."

தேசாங்கா அந்த வாரம் பிளம்ஸ் ஜாம் கிளற அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்ரேத்தென் நாலு கதவையும் கழற்றினான். புழுதி எழும்பாமல் தரையில் தண்ணீர் அடித்தான், ஈ நுழையாமல் ஜன்னலில் துணி கட்டினான். மூன்றாம் நாள் முடிவில் காரின் எந்த மூலையைத் திறந்து பார்த்தாலும் கறுப்புதான் இருந்தது. தன் வாழ்க்கையில் அவன் இவ்வளவு நன்றாக ஒரு வேலையைச் செய்ததில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று கை அரித்தது. தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

இரண்டு வார விரதம் முடிந்து, இருபத்தெட்டாம் தேதி மாதா திருநாள் அன்று ஷிவாதின் வீட்டு முற்றத்தில் விருந்து. கொட்டகைக்குக் கெடுவும் அன்றைக்குத்தான். ஆடு தணல் மேல் கம்பியில் சுற்றிச் சுற்றி வெந்துகொண்டிருந்தது. நீள மேஜையில் முட்டைக்கோஸ், தக்காளி, ரொட்டி, பிளம்ஸ் சாராயம். முற்றத்தின் நடுவில் பளபளப்பில்லாத மேட் கறுப்புக் கார். பாதிரியார் இலியா துளசிக் கொத்தும் தீர்த்தக் கிண்ணமுமாக, ஒரு கண்ணைக் காரிலும் ஒரு கண்ணை ஆட்டிலும் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்ரேத்தென் மேஜையைச் சுற்றிப் பார்த்தான். அவனுடைய வாடிக்கையாளர்கள் பதினோரு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷிவாதின் கிளாஸை உயர்த்திக்கொண்டு எழுந்தார்.

"எல்லாருக்கும் சொல்றேன். என் பையன் வருஷத்துக்கு ஒரு காரோட வர்றான். உழைப்பு. எனக்கு ஒரு மருமகனும் இருக்கான். அஞ்சு மாசமா என் கொட்டகையில ஈ ஓட்டுறான். நாளைக்கு டவுன்காரன் வர்றான், சாவியைக் கொடுத்துடப் போறேன்."

"அப்பா, சாப்பாட்டு நேரத்துல எதுக்கு இது?" என்றாள் தேசாங்கா.

"இல்லைம்மா, நான் நியாயமாத்தான் பேசறேன். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுந்திருச்சு, நான் இவன்கிட்ட காரைக் கொடுத்தேன், வேலை செஞ்சான்னு சொல்லட்டும். கொட்டகையை இவன் பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன். சாமியே சாட்சி."

பதினோரு பேரும் முட்டைக்கோஸைப் பார்த்தார்கள். ரதோவான் தன் தட்டில் இருந்த ஒரு தக்காளித் துண்டை முன்பின் திருப்பிப் பரிசோதித்தான். வெலிபோர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

ஸ்ரேத்தென் மோமிரைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். மோமிரைக் கைகாட்டினால் கொட்டகை அவனுடையது. ஆனால் வாக்குக் கொடுத்தவன் காட்டிக்கொடுத்தால் அடுத்த ஆகஸ்ட்டில் எவன் வருவான்? யாரும் வராத கொட்டகையை வைத்துக்கொண்டு நிஜமாகவே தவிடுதான் விற்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்கங்கெட்ட பயல்கள் என்று மனசுக்குள் பதினோரு தடவை திட்டினான்.

ஆனால் தேசாங்கா யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ரொட்டிக் கூடையை மேஜையில் தொப்பென்று போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

"புதுக் காராம் புதுக் கார். கண்ணைத் திறந்து பாருங்க எல்லாரும்."

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ஸ்ரேத்தெனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வெள்ளி நிறம் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடினான்.

"வேண்டாம் தேசாங்கா. விடு, வா."

"நீ சும்மா இரு. உன்னால வாயைத் திறக்க முடியலைன்னா நான் கதவைத் திறக்கிறேன்." அவள் கதவை அகலமாகத் திறந்தாள். "பாருங்கப்பா. உள்ள வெள்ளிக் கலர். அதே பழைய கார். மேல ஒட்டினது என் புருஷன்."

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உள்விளிம்பு கறுப்பாக இருந்தது. அவள் பின்கதவைத் திறந்தாள். கறுப்பு. அந்தப் பக்கம் ஓடிப் போய்த் திறந்தாள். அங்கேயும் கறுப்புதான். தேசாங்காவின் முகம் வெளுத்தது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தன் கைவேலையை நினைத்து அவன் வெட்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"எங்கம்மா வெள்ளி?" என்றார் ஷிவாதின். "உன் புருஷனுக்காக உன் தம்பி மேல பழி போடறியா?"

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். தேசாங்காவின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக ஸ்ரேத்தென் திரும்பியபோது, மேஜையிலிருந்து மோமிர் எழுந்து வருவது தெரிந்தது.

மோமிர் காரிடம் வந்தான். குனிந்தான். உள்விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினான். ரப்பருக்கு அடியில் நகத்தை விட்டுப் பார்த்தான், அங்கேதான் ஃபிலிமின் மெல்லிய ஓரம் இருந்தது. நிமிர்ந்தபோது அவன் கழுத்து வரை சிவந்திருந்தது.

"ஏண்டா ஸ்ரேத்தென்," என்றான். "எங்கிட்ட என்ன சொன்ன? உள்ள பசையே நிக்காதுன்னு சொன்னியா இல்லையா?"

ஸ்ரேத்தென் திறந்திருந்த கதவை மெல்லச் சாத்தப் பார்த்தான்.

"நாலு வாரமா வயித்தை எக்கிக்கிட்டு நுழையறேன்டா நான். மாமியாரைக்கூட ஏத்தலை. இவனுக்கு மட்டும் கதவைக் கழட்டி ஒட்டியிருக்க. மச்சான்னா பசை நிக்குமா?"

"இரு இரு," என்று ரதோவான் எழுந்தான். "உனக்கு இவன் ஒட்டினானா? அப்ப அந்தக் கடல் நீலம்?"

"நீ என்னத்துக்குக் கேக்கற?"

"எனக்கும் இதையேதான் சொன்னான், நிக்காதுன்னு." சொன்ன பிறகுதான் தான் சொன்னது ரதோவானுக்கே உறைத்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "மூணு நாள் ஆனாலும் கொடுத்திருப்பேனேடா. ஒரு வார்த்தை கேட்டியா?"

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து வைக்க முடியவில்லை. பழைய கார் என்று தெரிந்த வெட்கத்தையெல்லாம் அடுத்தவனுக்கு நல்ல வேலை நடந்திருக்கிறது என்ற எரிச்சல் அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கும் அப்படித்தான் சொன்னான், என் டிக்கியையும் பாதியில் விட்டுவிட்டான் என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். பதினோரு பேரும் காரைச் சூழ்ந்துகொண்டு கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். ஒருவன் தரையில் படுத்து அடியில் பார்த்தான். பாராட்டா வசவா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு இரைச்சல் முற்றத்தை நிறைத்தது.

ஷிவாதின் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றார். மருமகனைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"வெலிபோர், இது எந்தக் கார்?"

வெலிபோர் நிமிர்ந்தான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுதான்ப்பா."

"சிவப்பு?"

"இதுதான்."

"போன வருஷம் வெள்ளையா வந்ததே?"

"அதுவும் இதுதான்ப்பா."

"நாலு ஆடு வெட்டியிருக்கேன்டா இதுக்கு," என்றார் கிழவர். கிளாஸைக் கீழே வைத்தார். "பஸ்ஸுல வந்திருக்கக் கூடாதா? நான் என்ன காரைப் பாக்கவா பதினோரு மாசம் உக்காந்திருக்கேன்? உன்னைப் பாக்கத்தானேடா உக்காந்திருக்கேன்."

வெலிபோர் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான் பஸ்ஸுலதான் வந்தாரு. அன்னிக்கு எனக்குப் போன் போட்டு, பஸ்ஸுல வந்து இறங்கினான் உன் மச்சான்னு அரை மணி நேரம் சிரிச்சீங்களேப்பா. அதைக் கேட்ட பிறகு நான் எப்படிப்பா பஸ் ஏறுவேன்?"

கிழவர் வாயைத் திறந்து மூடினார். எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். ஸ்ரேத்தென் அவரை அந்த நிலையில் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். இந்த ஐந்து மாதமும் அவர் வாயடைத்து நிற்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டிருந்தான். நடந்தபோது ருசிக்கவில்லை.

ஷிவாதின் மேல்கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் கொட்டகைச் சாவியை எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மருமகன் கையில் வைத்தார்.

"சாமி சாட்சியா சொன்னேன். பத்திரம் திங்கட்கிழமை எழுதிடலாம்." கிளம்பப் போனவர் நின்று, திறந்திருந்த கதவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்க மாப்ள. எனக்கே தெரியலை."

தேசாங்கா ஓசையில்லாமல் அழுதுகொண்டே கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மோமிர் இந்தப் பக்கமாக வந்து, நாளைக் காலையிலேயே காரைக் கொண்டு வருவதாகவும், ரதோவானுக்கு முன்னால் தன் கதவுகளைக் கழற்றிவிட வேண்டும் என்றும், நேர் வழியாகவே வருவதாகவும் அவன் காதில் சொன்னான்.

பாதிரியார் இலியா இவ்வளவு நேரமும் தீர்த்தக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். ஆடு கருகும் வாசனை வேறு வர ஆரம்பித்திருந்தது.

"ஷிவாதின், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். "இந்தக் காரை ஏற்கெனவே மூணு தடவை மந்திரிச்சாச்சு போல. இப்பவும் தெளிக்கவா, வேண்டாமா?"

"தெளிங்க சாமி," என்றார் ஷிவாதின். வெலிபோரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "காரை விடுங்க. பையன் மேல தெளிங்க."